கடல் தாண்டி வந்த குரல்: ராக் இசையும், இலங்கை வானொலியும், கே.எஸ்.ராஜாவும்



செமஸ்டர் லீவில் ஊருக்கு (விஸ்வநத்தம், சிவகாசிக்குப் பக்கத்தில் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும்) போயிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் லேப்டாப்பில் ஒரு பழைய ராக் இசை நிகழ்ச்சியைச் சத்தமாக ஓட விட்டிருந்தேன். அம்மாச்சி வந்து எட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "இதென்னய்யா பெரிய புதுசு? துள்ளிசைன்னு சிலோன்ல போடுவான். நாங்க அப்பவே கேட்டாச்சு" என்று சொல்லிவிட்டு முறுக்கு மாவு பிசையப் போய்விட்டார்.

எனக்கு அதிர்ச்சி. அம்மாச்சி ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஒன்பது வயதில் தீப்பெட்டி ஒட்ட உட்கார்ந்தவர். அவருக்கும் கிடார் இசைக்கும் என்ன சம்பந்தம்? அன்றைக்கு ஆரம்பித்த தேடல்தான் இந்தக் கட்டுரை. ராக் இசையை மக்களிடம் கொண்டுபோன வானொலிக்காரர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அது என் வீட்டுத் திண்ணையில் வந்து முடியும் என்று நினைக்கவில்லை.

1. பாட்டு முதலா, அறிவிப்பாளர் முதலா?

ராக் இசையின் வரலாற்றைப் படித்தால் எல்விஸ் பிரெஸ்லி, பீட்டில்ஸ் என்று பாடகர்கள் பெயர்தான் வரும். ஆனால் "ராக் அண்ட் ரோல்" என்ற பெயரையே ஊரெல்லாம் பரப்பியது பாடகர் அல்ல, ஆலன் ஃப்ரீட் என்ற வானொலி அறிவிப்பாளர். 1951-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரு நிலையத்தில் இரவு நேரத்தில், கறுப்பின மக்களின் 'ரிதம் அண்ட் புளூஸ்' இசைத்தட்டுகளைப் போட ஆரம்பித்தார். வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரியாமல் கேட்டார்கள். 1952 மார்ச் 21 அன்று அவர் நடத்திய கச்சேரிக்கு, அரங்கு கொள்ளாத கூட்டம் வந்து, போலீஸ் பாதியிலேயே நிறுத்தியது. உலகின் முதல் ராக் கச்சேரி என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஃப்ரீட்டின் முடிவு சோகமானது. காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்டார் என்ற 'பயோலா' விவகாரத்தில் 1959-ல் வேலை போனது. 1965-ல் இறந்தபோது வயது 43.

இங்கிலாந்தில் வேறு கதை. அங்கே வானொலி என்றால் பி.பி.சி. மட்டும்தான். ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான் இசைத்தட்டு ஓட்டலாம் என்று இசைக் கலைஞர்கள் சங்கத்தோடும் இசைத்தட்டுக் கம்பெனிகளோடும் ஒப்பந்தம் வேறு. பிள்ளைகள் கேட்க விரும்பிய பாட்டுக்கு இடம் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? 1964-ல் ஒரு கப்பலில் ஒலிபரப்புக் கருவியை ஏற்றி, இங்கிலாந்தின் கடல் எல்லைக்கு வெளியே நங்கூரம் போட்டு, பாட்டு ஒலிபரப்பினார்கள். அதுதான் 'ரேடியோ கரோலைன்'. அடுத்தடுத்து பல கப்பல்கள் வந்தன. அரசாங்கம் 1967 ஆகஸ்டில் சட்டம் போட்டு அவற்றை முடக்கியது. அடுத்த மாதமே, செப்டம்பர் 30 அன்று, அதே மாதிரி பாட்டுப் போட பி.பி.சி. 'ரேடியோ 1' என்று புதிதாக ஒன்றைத் தொடங்கியது. வேலைக்கு எடுத்தது யாரை? பலரும் கப்பலில் இருந்து வந்தவர்கள்தான்! :-)

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஜான் பீல். 1967-லிருந்து 2004 அக்டோபரில் பெரு நாட்டில் இறக்கும் வரை, 37 ஆண்டுகள் ஒரே நிலையத்தில் இருந்தார். யாருக்கும் தெரியாத பையன்கள் வீட்டில் பதிவு செய்து அனுப்பிய கேசட்டுகளை உட்கார்ந்து கேட்டு, நல்லது என்று பட்டதை நாடு முழுக்கக் கேட்க வைத்தார். ராக் இசை பற்றி எழுதிய பல விமர்சகர்களைவிட அவர் ஒரு பாட்டைப் போட்டதற்கு மதிப்பு அதிகம் இருந்தது.

இந்த இரண்டு கதைகளிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர்கள் 'இது நல்ல இசை இல்லை' என்று கதவை மூடுகிறார்கள். எங்கோ ஒருவர் ஜன்னலைத் திறக்கிறார். நம் ஊரிலும் இதே கதைதான் நடந்தது. இங்கிலாந்துக்கு 12 ஆண்டுகள் முன்பாகவே நடந்தது.

2. நம் ஊர்க் கதவும், கடலுக்கு அந்தப் பக்கத்து ஜன்னலும்

1952-ல் பி.வி.கேஸ்கர் மத்திய செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சர் ஆனார். சாஸ்திரிய இசையில் ஆழ்ந்த பிடிப்பு உள்ளவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட காணாமலே போனது. அவர் எண்ணம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். பல பெரிய வித்வான்களுக்கு அந்த வானொலிதான் சோறு போட்டது. ஆனால் மக்கள் பாட்டுக் கேட்பதை நிறுத்தவில்லை. நிலையத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

மாற்றிய இடம் ரேடியோ சிலோன். இரண்டாம் உலகப்போரின்போது மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகம் இலங்கையில் இருந்தது. படைவீரர்களுக்காக அமைத்த சக்திவாய்ந்த ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1950-ல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். அதை வளர்த்தவர் கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட். போருக்காக வந்த கருவி, பாட்டுக்காகப் பயன்பட்டது! இந்தியாவில் வானொலியில் விளம்பரமே கிடையாது. எனவே இந்தியக் கம்பெனிகள் சோப்புக்கும் பற்பசைக்கும் கொழும்பில் விளம்பரம் கொடுத்தன. 1952 டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' தொடங்கி, வட இந்தியாவையே புதன்கிழமை இரவுகளில் வானொலி முன்னால் உட்கார வைத்தது. ஆங்கிலச் சேவையில் மேற்கத்திய ஹிட் பாடல்கள் வரிசை. தமிழில் வர்த்தக ஒலிபரப்பின் முன்னோடிக் குரல் எஸ்.பி.மயில்வாகனம்.

கடைசியில் தில்லி இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3 அன்று 'விவித் பாரதி' தொடங்கப்பட்டது. கப்பல் வானொலிக்குப் பதிலாக ரேடியோ 1 வந்தது போலவே!

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரேடியோ சிலோன் நம் மீதுள்ள பாசத்தால் பாட்டுப் போடவில்லை. விளம்பர வருமானத்துக்காகப் போட்டது. ஆனால் காசுக்காகத் திறந்த ஜன்னல் வழியாகவும் காற்று வரத்தானே செய்யும்?

3. விஸ்வநத்தத்தில் ஏன் அவ்வளவு தெளிவாகக் கேட்டது?

இதற்கு ஒரு சின்ன பூகோளக் கணக்குப் போட்டேன். வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பார்த்தால் சிவகாசியிலிருந்து சென்னை சுமார் 480 கி.மீ. கொழும்பு சுமார் 360 கி.மீ.தான்! நம் மாநிலத் தலைநகரைவிடப் பக்கத்து நாட்டின் தலைநகர் நமக்குப் பக்கம். நம்ப முடிகிறதா? சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் வந்துவிட்டன. ஆனால் எங்கள் பக்கத்துக்கு அருகில் இருக்கும் திருநெல்வேலி நிலையம் 1963-ல்தான் வந்தது.

இயற்பியல் படிக்கும் நண்பர்களுக்கு இன்னொரு காரணமும் தெரிந்திருக்கும். மத்திய அலை தரையை ஒட்டிப் போகும்போது, காய்ந்த நிலத்தில் சீக்கிரம் வலுவிழக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடல் மேல் வெகுதூரம் போகும். நடுவில் இருந்தது மன்னார் வளைகுடா. கடல் நம்மைப் பிரித்தது என்று சொல்வார்கள். வானொலி அலைக்கு அந்தக் கடல்தான் ரோடு!

அப்போது ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்ட வேண்டும். 1980கள் வரை இது இருந்தது. ஆக, காசைக் கட்டியது இந்திய அரசாங்கத்துக்கு, கேட்டது சிலோனை! எங்கள் தெருவில் ரேடியோ இருந்தது ஒரே வீட்டில். அந்த வீட்டுத் திண்ணையில்தான் அம்மாச்சியும் மற்ற பெண்களும் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவார்கள். பட்டாசு ஆலைக்குள் இன்றைக்கும் செல்போன் கொண்டுபோகக் கூடாது. மருந்து இருக்கும் இடம். ஆனால் பெட்டி ஒட்டுவது வீட்டு வேலை. காகிதமும் பசையும்தான். கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கும். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144.

"மணி பாக்க எங்க வீட்டுல கடிகாரம் ஏது? சிலோன்ல அந்த ஆள் பேச்சு ஆரம்பிச்சா இத்தனை குரோஸ் முடிஞ்சிருக்கணும், அதான் கணக்கு" என்றார் அம்மாச்சி. அந்தக் காலத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம்தான். 1996-ல்தான் இலங்கை தன் கடிகாரத்தை மாற்றியது. 2006-ல் மறுபடி நம் நேரத்துக்கே வந்துவிட்டது.

4. அந்த ஆள் யார்?

கே.எஸ்.ராஜா. இயற்பெயர் ஸ்ரீஸ்கந்தராஜா. யாழ்ப்பாணப் பக்கத்துக்காரர். 'மதுரக்குரல் மன்னன்' என்று நேயர்கள் கொண்டாடியவர்.

இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையில் நல்ல குரல்களுக்குப் பஞ்சமே இல்லை. 'பாட்டுக்குப் பாட்டு' மூலம் பின்னாளில் நம் தொலைக்காட்சியிலும் புகழ்பெற்ற பி.எச்.அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று பெரிய வரிசை உண்டு. அதில் ராஜா தனி ரகம். மற்றவர்கள் நிதானமாகப் பேசினால், இவர் பொரிந்து தள்ளுவார். மூச்சு எங்கே விடுகிறார் என்றே தெரியாது. ஆனால் ஒரு எழுத்துகூட நசுங்காது. ல, ள, ழ மூன்றும் தனித்தனியாக விழும். 'திரைவிருந்து' நிகழ்ச்சியும், தியேட்டரில் ஓடும் படங்களுக்கு அவர் கொடுத்த வானொலி விளம்பரங்களும் அவரைப் பெரிய நட்சத்திரம் ஆக்கின. இணையத்தில் யாரோ பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய அவர் குரலை ஹெட்போனில் கேட்டேன். ஆலன் ஃப்ரீட்டின் பழைய ஒலிப்பதிவையும் அடுத்துப் போட்டுக் கேட்டேன். மொழி வேறு, ஊர் வேறு. ஆனால் பாட்டுக்கு முன்னாலேயே உடம்பில் ஒரு துடிப்பை ஏற்றுகிற வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

இப்போது அம்மாச்சி சொன்ன துள்ளிசைக்கு வருகிறேன். 1960களின் பிற்பகுதியில் இலங்கைத் தமிழ் இளைஞர்கள் கிடாரும் பொங்கோவும் வைத்துக்கொண்டு தமிழில் சொந்தமாகப் பாட ஆரம்பித்தார்கள். 'பொப் இசை' என்பார்கள் (அங்கே அப்படித்தான் எழுதுவார்கள்). அதற்குத் தமிழ்ப் பெயர்தான் துள்ளிசை. 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினத்தை அதன் தந்தை என்றே சொல்கிறார்கள். 'சுராங்கனி' புகழ் ஏ.இ.மனோகரன் இன்னொரு பெரிய பெயர் (2018-ல் சென்னையில் காலமானார்). மேற்கத்திய ராக் அண்ட் ரோலோடு, போர்த்துக்கீசியர் விட்டுப்போன பைலா தாளமும் இதில் கலந்திருக்கும். கண்டிப்பான இலக்கணப்படி இது ராக் இசை இல்லை என்று நண்பர்கள் சண்டைக்கு வரலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சினிமாவின் தயவு இல்லாமல், தமிழ்ப் பையன்கள் கிடார் வாசித்து, தங்கள் தெருவைப் பற்றித் தாங்களே பாடினார்கள். அந்த மனநிலை ராக் இசையின் மனநிலைதான்.

அம்மாச்சியின் நினைவில் ஒரு திருத்தமும் போட வேண்டியிருந்தது. 'சுராங்கனி' சினிமாப் பாட்டு என்று அடித்துச் சொன்னார். இல்லை. அது இலங்கையின் பாட்டு. அதன் புகழைப் பார்த்துத்தான் 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் நம் சினிமாவுக்குள் வந்தது. இதைச் சொன்னதும், "அப்ப சிலோன்காரன்கிட்ட இருந்து எடுத்ததா?" என்று கேட்டு வெகுநேரம் சிரித்தார். நமக்கு எல்லாப் பாட்டும் சினிமாவிலிருந்துதான் வரும் என்ற நினைப்பு எவ்வளவு ஆழமானது பாருங்கள். சினிமாவுக்கு வெளியே இருந்த ஒரு தமிழ் இசையை, சினிமாப் பாட்டுக்கு இணையாக மேடையேற்றியது அந்த வானொலிதான். இசைத்தட்டுக் கடை இல்லாத எங்கள் ஊருக்கு வேறு எந்த வழியிலும் அது வந்திருக்காது.

அறிவிப்பாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர் யார், எழுதியவர் யார், இசை யார் என்று சொல்வார்கள். பாட்டைக் கேட்டதும் மறந்துபோகிற கூட்டத்தை, பெயர் தெரிந்து ரசிக்கிற கூட்டமாக மாற்றினார்கள். அம்மாச்சிக்கு இன்றைக்கும் பழைய பாட்டு ஒன்றைப் போட்டால் கவிஞர் பெயரைச் சொல்லிவிடுவார். 'நேயர்', 'ஒலிபரப்பு', 'அறிவிப்பாளர்' என்ற சொற்களை எங்கள் வீட்டில் முதலில் பேசியது, பள்ளிக்கூடம் போன என் மாமா இல்லை. தீப்பெட்டி ஒட்டிய அம்மாச்சிதான். ஐந்தாம் வகுப்பில் நின்ற படிப்பு, திண்ணையில் தொடர்ந்திருக்கிறது.

5. 1989

இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் எல்லாம் மாறிப்போனது. கொழும்பில் தமிழ்க் குரலாக வாழ்வதே ஆபத்தான வேலை ஆனது. கே.எஸ்.ராஜா கொழும்பில் கொல்லப்பட்டார்.

1989-ல் தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி உச்சத்தில் இருந்தது. ஜூலை மாதத்தில் மட்டும் சிங்கள ஒலிபரப்புத் துறையின் இரண்டு பெரிய மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் சிங்கள வானொலியின் மூத்த ஒலிபரப்பாளர் தேவிஸ் குருகே. இன்னொருவர், அறிவிப்பாளரும் பாடலாசிரியருமான பிரேமகீர்த்தி டி அல்விஸ். தமிழ், சிங்களம் என்று பார்க்காமல், மூன்று குரல்கள் போயின.

ஃப்ரீட்டுக்கு வேலைதான் போனது. கப்பல் வானொலிக்காரர்களுக்கு நல்ல வேலையே கிடைத்தது. பீல் இயற்கையாக இறந்தார். நம் பக்கத்தில் அறிவிப்பாளரின் உயிரே போயிருக்கிறது. மைக்கின் முன்னால் இருப்பவரை லட்சம் பேர் நம்புகிறார்கள் என்றால், அந்த நம்பிக்கையைக் கைப்பற்ற நினைப்பவர்களும் இருப்பார்கள், அதை ஒழிக்க நினைப்பவர்களும் இருப்பார்கள். பாட்டு மட்டும்தானே போடுகிறார் என்று யாரும் விட்டுவிடுவதில்லை.

ராஜா இறந்த செய்தி அம்மாச்சிக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். அந்தச் சமயத்தில் வீட்டில் டிவி வந்துவிட்டது. சிலோன் கேட்பது தானாகக் குறைந்துவிட்டது. "அந்த ஆளு ரிட்டையர் ஆயி எங்கனயாச்சும் நல்லா இருப்பாருன்னு நெனச்சேன்யா" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அவர் குரலைக் கேசட்டில் கேட்கிறீர்களா என்று கேட்டேன். "நாளைக்குப் போடு" என்று சொல்லிவிட்டார்.

6. கடைசியாக

பாட்டு மிஞ்சும். இசைத்தட்டு, கேசட், சி.டி., இணையம் என்று எப்படியாவது நம்மிடம் வந்து சேரும். இரண்டு பாட்டுக்கு நடுவே பேசிய குரல் மிஞ்சாது. அது நேரலையில் பிறந்து நேரலையில் செத்துவிடும். இன்றைக்கு ராஜாவின் குரலில் கொஞ்சமாவது நமக்குக் கிடைக்கிறது என்றால், யாரோ ஒரு நேயர் டேப் ரெக்கார்டரை ரேடியோ முன்னால் வைத்து, 'பேசாதீங்க, பேசாதீங்க' என்று வீட்டில் எல்லோரையும் அடக்கிப் பதிவு செய்ததால்தான். சில பதிவுகளில் பின்னால் குழந்தை அழுகிற சத்தம்கூடக் கேட்கிறது. பெரிய ஆவணக்காப்பகங்கள் செய்யாத வேலையை ஒரு நடுத்தர வீட்டு நேயர் செய்திருக்கிறார்.

அதனால் நண்பர்களே, ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட் இருந்தால், 'சினிமாப் பாட்டுதானே' என்று தூக்கிப் போடாதீர்கள். ஒருமுறை ஓட விட்டு, பாட்டுக்கு நடுவே யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால், அவர்கள் எந்தக் குரலைக் கேட்டு வேலை செய்தார்கள் என்று விசாரியுங்கள். பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள்.

மறுநாள் காலை அம்மாச்சிக்கு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் வலது கைப் பெருவிரல் மட்டும் மடியில் எதையோ மடித்து ஒட்டுவது போல அசைந்துகொண்டிருந்தது. அவருக்கே அது தெரியவில்லை.